காடும் மணலும் கடற்கரையை எவ்வளவு காக்கும்?

கடலோரத்தில் மரம் இருந்தால் ஊர் தப்புமா என்ற கேள்வி 2004 டிசம்பர் 26க்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் வந்தது. ஆனால் கேள்வி பழையது. மணல்மேட்டுக்குப் பின்னால் வீடு கட்டுவதும், மேட்டில் படரும் அடப்பங்கொடியையும் இராவணன் மீசையையும் கலைக்காமல் விடுவதும் மீனவ ஊர்கள் நடைமுறையில் கண்ட விடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. விறகுக்காக நட்டவை அவை. மணலைப் பிடித்துவைக்கும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே இருந்தது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டதும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை கரைந்தது. அதற்குப் பொறியாளர்கள் கண்ட விடை கருங்கல். சுனாமிக்குப் பிறகு பேச்சு மறுபடியும் காட்டின் பக்கம் திரும்பியது. இப்போது அதற்கு 'இயற்கைசார் தீர்வு' என்று பெயர். உலக வங்கிக் கடனிலிருந்து, ஒன்றிய அரசு 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்த 'மிஷ்டி' அலையாத்தித் திட்டம் வரை அந்தப் பெயரில் பணம் வருகிறது.

பணம் வருகிறபோது கேள்வியைக் கூர்மையாக்கிக்கொள்வது நல்லது. 'காக்குமா' என்று பொதுவாகக் கேட்டால் ஆம் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது, இல்லை என்பதற்கும் இருக்கிறது. எதிலிருந்து காக்க வேண்டும், காடு எவ்வளவு அகலம், எந்த நிலத்தில் நிற்கிறது, எத்தனை ஆண்டு நிற்கும் என்று பிரித்துக் கேட்டால்தான் முரண்படுவதாகத் தோன்றும் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்குகின்றன. அப்படிப் பார்க்கும்போது, காட்டின் காக்கும் திறனைத் தீர்மானிப்பவை மரங்களின் எண்ணிக்கையைவிட வண்டல், நன்னீர், பின்வாங்க இடம் ஆகியவையே என்ற பக்கம் சான்றுகள் சாய்கின்றன. நம்முடைய திட்டங்களோ பெரும்பாலும் நாற்றுகளைத்தான் எண்ணுகின்றன.

பிச்சாவரத்தில் தொடங்கிய வழக்கு

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுனாமியில் இதற்குப் பின்னிருந்த குப்பங்கள் பெரும்பாலும் தப்பின; திறந்த கரையில் இருந்தவை அழிந்தன. 2005இல் டேனியல்சனும் உடன் ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் இந்தக் கரையைப் பற்றி எழுதினார்கள். அலையாத்தியும் சவுக்கும் அடர்ந்த இடங்களில் சேதம் குறைவு என்பது அவர்கள் முடிவு. அதே ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசன், ராஜேந்திரனுடன் சேர்ந்து 18 குக்கிராமங்களின் உயிரிழப்பை ஆராய்ந்தார். கடலிலிருந்து தூரம், நிலத்தின் உயரம், முன்னிருக்கும் தாவரப் பரப்பு ஆகிய மூன்றும் இழப்பைக் குறைத்ததாக அவர்கள் கணக்குச் சொன்னது. உலகமெங்கும் அலையாத்தி நடும் திட்டங்கள் மேற்கோள் காட்டிய ஊர் இதுதான்.

2006இல் கெர், பேர்ட், கேம்பல் மூவரும் அதே 18 ஊர்களின் எண்களை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். உயரமும் தூரமும் சமமாக உள்ள ஊர்களை ஒப்பிட்டால், தாவரப் பரப்பில் உள்ள வேறுபாடு உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். இதில் உள்ள தர்க்கம் எளியது. அலையாத்தி திறந்த அலைவாய்க் கரையில் வளர்வதில்லை. மணல்திட்டுக்கு உள்ளே, அடங்கிய உப்பங்கழியில் வளர்கிறது. அதற்குப் பின்னே இருக்கும் ஊர் இயல்பாகவே கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கும். தப்பித்தது காட்டால் என்பதா, தூரத்தால் என்பதா? வெர்மாட், தம்பன்யா ஆகியோர் வேறு புள்ளியியல் முறையில் பார்த்து, காட்டுக்கும் பங்கு உண்டு என்று பதில் எழுதினார்கள். நிதானமாகப் பார்த்தால், 18 புள்ளிகளை வைத்துக்கொண்டு இந்த வழக்கை எந்தப் பக்கமும் தீர்த்துவிட முடியாது. பிச்சாவரம் ஒரு வலுவான குறிப்பு. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது பின்னால் வந்தவர்களின் அவசரம்.

கூடுதல் சான்று ஒடிசாவிலிருந்து வந்தது. 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்டத்தின் நானூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்டும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். தூரம், உயரம், வீட்டின் தரம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், கடலுக்கும் ஊருக்கும் நடுவே அலையாத்தி அகலமாக இருந்த இடங்களில் சாவு குறைவாகவே இருந்தது. பிச்சாவரத்தின் மீது வைக்கப்பட்ட ஆட்சேபத்துக்கு இதுவரை கிடைத்த நல்ல பதில் இது. ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொன்றைப் பலரும் மேற்கோள் காட்டுவதில்லை: அரசு விடுத்த முன்னெச்சரிக்கை காத்த உயிர்கள் காடு காத்ததைவிட அதிகம். 2019இல் ஃபானி புயலின்போது ஒடிசா பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்தியதை நினைத்தால், உயிர் காப்பது என்ற ஒரே அளவுகோலில் காட்டுக்கு முதலிடம் கேட்பது கடினம். காட்டின் மதிப்பு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது: ஓடிப்போக முடியாதவற்றில், அதாவது வீடு, வயல், படகு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றில்.

இந்தோனேசியாவின் அச்சேயில் நடந்த ஆய்வொன்று (2011) சங்கடமான ஒன்றைச் சேர்த்தது. குடியிருப்புக்கு முன்னால் இருந்த மரங்கள் சுனாமி உயிரிழப்பைச் சராசரியாக 5% அளவுக்குக் குறைத்தன. பின்னால் அடர்ந்திருந்த தோப்புகளோ ஓடும் வழியை அடைத்தும் முறிந்த மரங்களால் தாக்கியும் இழப்பைக் கூட்டின. எங்கே நடுகிறோம் என்பது உயிரோடு விளையாடும் விஷயம் என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

அலை வேறு, கடல்வெள்ளம் வேறு

மேலே கண்ட குழப்பத்தில் பாதி, மூன்று வேறு ஆபத்துகளை ஒரே பெயரில் அழைப்பதால் வருவது. காற்றில் எழும் சாதாரண அலை சில விநாடிகளுக்கு ஒருமுறை அடிக்கிறது. சுரபுன்னையின் முட்டுவேர்களும் வெண்கண்டலின் மூச்சுவேர்களும் அந்த அலையின் சுழற்சியை உரசி உரசித் தின்கின்றன. புயலில் கடல்மட்டமே உயர்ந்து மணிக்கணக்கில் உள்ளே வருவது வேறு. அந்தக் கடல்வெள்ளம் வேர்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும். காடு அதன் வேகத்தைத் தணிக்கும், உயரத்தைக் கொஞ்சம் இறக்கும். சுனாமி மூன்றாவது வகை. அது பருவநிலை மாற்றத்தால் வருவதல்ல. ஆனாலும் நம் விவாதம் முழுக்க அதிலிருந்தே பிறந்தது என்பது நம் துரதிர்ஷ்டம்.

அளவுகளைப் பார்க்கலாம். உலக ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த மதிப்பீடுகளின்படி, 100 மீட்டர் அகல அலையாத்தி சாதாரண அலையின் உயரத்தை 13 முதல் 66% வரை குறைக்கிறது. புயல் வெள்ளத்தையோ ஒரு கிலோமீட்டர் காட்டுக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர்தான் இறக்குகிறது. இதை நம் கரையில் பொருத்திப் பார்த்தால் கணக்கு புரியும். 200 மீட்டர் அகலத்தில் ஒரு காட்டுப் பட்டையை வளர்த்து, மூன்று மீட்டர் உயரக் கடல்வெள்ளம் வந்தால், மிகச் சிறந்த நிலையிலும் குறையக்கூடியது சுமார் 10 சென்டிமீட்டர். வீட்டுக்குள் நீர் நிற்கும் உயரத்தில் அது பெரிய வேறுபாடல்ல. ஆனால் அந்த வெள்ளத்தின் மேல் ஏறிவரும் அலைகளைப் பாதியாக்கினால் சுவர் இடியாமல் நிற்கலாம். ஆக, 'காடு வெள்ளத்தைத் தடுக்கும்' என்பது மிகை, 'காடு பயனில்லை' என்பது தவறு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, பெரும்பாலும் வெண்கண்டல், காற்றில் இலையுதிர்ந்து கிளை முறிந்து பெரும் சேதமடைந்தது. காவல்காரனே அடிபட்டால் காவல் எதற்கு என்று அப்போது கேட்கப்பட்டது. நியாயமான ஆட்சேபம்தான், ஆனால் கல்சுவரும் புயலில் சரிகிறது. சுவரைத் திரும்பக் கட்ட ஒப்பந்தப்புள்ளி வேண்டும். ஓதநீர் தடையின்றி வந்துபோகும் சேற்றில் விதை விழுந்தால் காடு தானாக எழும். சிக்கல், அடுத்த புயல் அதற்கு எத்தனை ஆண்டு அவகாசம் தரும் என்பதில் இருக்கிறது. கடல் சூடாகச் சூடாக வங்கக் கடலில் கடும் புயல்களின் பங்கு கூடலாம் என்ற கணிப்புகள் உண்மையானால், மீளும் காலம் சுருங்கும்.

நட்டதெல்லாம் காடாவதில்லை

சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையில் அதிகம் நடப்பட்டது அலையாத்தி அல்ல, சவுக்கு. சீக்கிரம் வளரும், கணக்குக் காட்டலாம், நாலைந்து ஆண்டில் வெட்டி விற்கவும் செய்யலாம். எதிர்ப்பும் அங்கிருந்தே வந்தது. நாகப்பட்டினக் கரையைச் சுனாமிக்குப் பின் ஆராய்ந்தவர்கள், மணல்மேடுகளைச் சமன் செய்தும் அவற்றின் மேலேயே சவுக்கு வைத்தும் நடந்த நடவைச் சுட்டிக்காட்டினார்கள். மணல்மேட்டின் வேலை என்னவென்று பார்த்தால் இதன் அபத்தம் விளங்கும். புயல் அடிக்கும்போது மேடு தன் மணலைக் கடலுக்குக் கொடுக்கிறது. அந்த மணல் கரைக்கு அப்பால் திட்டாகப் படிந்து, அடுத்து வரும் அலைகளைத் தொலைவிலேயே உடைக்கிறது. கடல் அமைதியானதும் அலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவர, காற்று மேலேற்ற, அடப்பங்கொடி பிடித்துக்கொள்கிறது. மேட்டை இடித்து மரம் நடுவது, சேமிப்பை எடுத்துச் செலவழித்துவிட்டுப் பூட்டு வாங்குவது போன்றது. பங்குனி ஆமை முட்டையிட ஏறும் மணலும், மீனவர் படகு ஏற்றி வலை உலர்த்தும் இடமும் சேர்ந்தே போயின. இந்த இழப்பைத் திட்ட அறிக்கைகள் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

இலங்கையின் அனுபவம் இன்னும் கடுமையானது. சுனாமிக்குப் பின் அங்கே 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை அலையாத்தி நடப்பட்டதை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, தேறியது சுமார் 200 முதல் 220 ஹெக்டேர் மட்டுமே என்றது. பார்வையிட்ட 23 திட்ட இடங்களில் ஒன்பதில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. ஓதம் ஏறும் உயரத்தைப் பார்க்காமல் நட்டது, அந்த இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டது, நட்டபின் திரும்பிப் பார்க்காதது ஆகியவையே பெரும்பாலும் காரணம்.

இதற்கு எதிர்மாதிரியும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும்தான் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து இக்காடுகளைப் பாத்திபாத்தியாக முழுக்க வெட்டினார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து, ஈரம் வற்றித் தாழ்ந்து, நடுவில் தொட்டிபோலக் குழிந்தது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியின்றி நின்று, உப்பு ஏறி, மரம் முளைக்க முடியாத களராக மாறியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் செய்தது, முதலில் மரம் நடுவதல்ல, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டுவது. நடுவே ஒரு முதன்மை வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள்; ஓதநீர் ஏறி இறங்க வழி கிடைத்ததும் உப்பு கழுவப்பட்டது, அதன் பிறகு வைத்த செடி பிழைத்தது. நீரோட்டம் சரியானால் காடு வரும் என்பதை இந்தக் கரையே நிரூபித்திருக்கிறது.

மணலுக்கு வழி மேற்கே

கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் கர்நாடகத்தின் ஆனேக்கலுக்கு இந்த விவாதத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனேக்கல் வட்டத்தின் கிழக்கு ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் தென்பெண்ணையை நோக்கிப் போகிறது. மேற்குச் சரிவு அர்க்காவதி வழியாகக் காவிரிப் படுகையைச் சேர்ந்தது. முதலாவது கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கிறது. இரண்டாவது கொள்ளிடமாகப் பிச்சாவரத்தின் தெற்கு எல்லையைத் தொடுகிறது. விவாதத்தின் மையத்தில் உள்ள கரையை ஊட்டிய இரண்டு ஆறுகளுக்கும் இந்த வட்டம் தலைமாடு.

கரை என்பது ஆறு கொண்டுவந்த மணலை அலை தள்ளிக்கொண்டு போவதில் கிடைக்கும் மீதம். கிழக்குக் கரையில் ஆண்டின் நிகர மணல் ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. தென்பெண்ணை மணல் கடலூரிலிருந்து புதுச்சேரியை நோக்கி நகர வேண்டும். 1950களின் இறுதியில் கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் வந்தன. பின்னர் ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி. அணையைத் தாண்டி வெள்ளம் போகலாம், மணல் போவது அரிது. கெலவரப்பள்ளியில் இன்று ஆண்டு முழுவதும் நீர் இருப்பதற்குப் பெங்களூரின் கழிவுநீர் பெரிய காரணம். அணை மதகில் மலைபோல் எழும் நுரை செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் படம். ஆற்றில் நீர் கூடியிருக்கலாம். மணல் அதோடு வரவில்லை. பெண்ணையாற்று நீருக்காகத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் போனது, ஆனால் அந்த வழக்கின் பொருள் தண்ணீர். கடற்கரைக்குரிய மணல் அல்ல. மிச்சமிருக்கும் ஆற்று மணலையும் கட்டட வேலைக்கு அள்ளுகிறோம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் அடித்துச்செல்லப்பட்டபோது மணல் கொள்ளையையே பலரும் குற்றஞ்சாட்டினார்கள்.

புதுச்சேரியில் இரண்டாவது தடை. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கே போகும் மணலை நிறுத்தின. நகரின் மணற்கரை காணாமல் போய், கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கல் கொட்டப்பட்டது. கல் கொட்டிய இடம் நின்றது, அரிப்பு வடக்கே தள்ளிப்போனது. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்கள் வரிசையாகக் கரையை இழந்தன. அங்கேயும் கல்லும் தூண்டில் வளைவும் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை, வீடு விழுவது அவர்களுக்கு. ஆனால் ஒவ்வொரு தூண்டில் வளைவும் அடுத்த ஊரின் மணலில்தான் பிழைக்கிறது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான படங்களை ஒப்பிட்டபோது, தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 41%, புதுச்சேரிக் கரையில் சுமார் 57% அரிப்பில் இருந்தது. இப்படிப் பசியோடு இருக்கும் கரையில் எந்தக் காட்டை நட்டாலும் அது காலடியில் மண்ணில்லாமல் நிற்கும்.

புதுச்சேரியில் 2018 வாக்கில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகு அமைப்பை இறக்கியது; மணலும் கொட்டப்பட்டது. காந்தி சிலைக்கு வடக்கே மணற்கரை திரும்ப வந்தது. மன்னார் வளைகுடாவில் கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைத்திட்டுகள் வைக்கப்பட்டதும் இதே சிந்தனைதான். இவை இயற்கையா பொறியியலா என்ற சண்டை வீண். நெதர்லாந்து 2011இல் 'மணல் இயந்திரம்' என்ற பெயரில் சுமார் 2.15 கோடி கனமீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலையே பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டது. அவ்வளவு மணலும் பணமும் நமக்கில்லை. ஆனால் துறைமுகத்தில் தேங்கும் மணலை வடக்கே கடத்தும் வேலையைத் தவறாமல் செய்தாலே கணிசமான பயன் கிடைக்கலாம்.

கடல் ஏறும்போது

இதுவரை பார்த்தது நிற்கும் கடலுக்கான கணக்கு. பன்னாட்டுப் பருவநிலைக் குழுவின் 2021 அறிக்கைப்படி 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. அலையாத்தி தன் வேரில் வண்டலைச் சேர்த்துத் தானும் உயரும்; அதுதான் கல்சுவரிடம் இல்லாத குணம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. கடந்த பத்தாயிரம் ஆண்டு வண்டல் பதிவுகளைப் படித்த 2020ஆம் ஆண்டு ஆய்வொன்று, உயர்வு ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் அலையாத்தி ஈடுகொடுப்பது மிக அரிது என்றது. அப்போது காடு நிலத்தை நோக்கிப் பின்வாங்க வேண்டும். பின்னே இறால் பண்ணையும் சாலையும் உப்பளமும் இருந்தால் எங்கே போகும்? 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமுள்ள ஊரகக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. ஒரு கையால் அலையாத்தி நட்டு, மறுகையால் அது நகர வேண்டிய இடத்தை விற்கிறோம்.

பவளத்துக்கு நிலைமை இன்னும் மோசம். பவளத்திட்டுகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97% அளவைத் தணிக்கின்றன என்று 2014இல் வந்த உலகத் தொகுப்பாய்வு கூறுகிறது. வேறெந்த இயற்கை அரணுக்கும் அந்த எண் இல்லை. ஆனால் வெப்பம் 1.5 பாகை உயர்ந்தாலே பவளங்களில் 70 முதல் 90% அழியும் என்பது 2018ஆம் ஆண்டு பன்னாட்டு அறிக்கை. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளங்கள் வெளிறின. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

இன்னும் தீராதவை

இதுவரை உள்ள சான்று நியாயமாகத் தாங்கக்கூடிய முடிவு இவ்வளவுதான். அடங்கிய கழிமுகங்களில், நீரோட்டமும் வண்டலும் உள்ள இடத்தில், நூற்றுக்கணக்கான மீட்டர் அகல அலையாத்தி அன்றாட அலையையும் நடுத்தரப் புயலையும் கல்லைவிட மலிவாகத் தாங்கும். மணல்மேடு இருக்கும் இடத்தில் அதை விட்டுவைப்பதற்கு ஈடான திட்டம் இல்லை. திறந்த, அரிக்கும் கரைக்குக் காடு மட்டும் மருந்தல்ல. கலப்பு முறைகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் அவற்றின் நீண்டகாலப் பதிவு குறைவு. பெரும்புயலுக்கு எச்சரிக்கையும் அப்புறப்படுத்தலும் முதல் அரண், காடு இரண்டாவது.

தீராமல் இருப்பவையும் இங்கிருந்தே தொடங்குகின்றன. பிச்சாவரம் போன்ற காடு எந்த அகலத்துக்குக் கீழே பயனிழக்கும், தொடர்ந்து இரு புயல் அடித்தால் எவ்வளவு மீளும், தென்பெண்ணையும் கொள்ளிடமும் இன்று கடலுக்குக் கொடுக்கும் மணல் அந்தக் கரைக்குப் போதுமா ஆகியவற்றுக்கு நடவுப் பதிவேடுகளில் விடை கிடைக்காது. தமிழ்நாடு அரசும் நிதி தரும் அமைப்புகளும் நட்ட நாற்றின் எண்ணிக்கையை வெளியிடும் அதே பக்கத்தில், ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருப்பது எத்தனை, நிலம் எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்தது, அணைகளில் நின்ற மணல் எவ்வளவு, புயலுக்குப் பின் ஊர்வாரியாகச் சேதம் என்ன என்பதையும் வெளியிட வேண்டும். கர்நாடகமும் தமிழ்நாடும் பெண்ணையாற்றைப் பற்றி அடுத்து உட்கார்ந்து பேசும்போது, நீர்ப்பங்கீட்டுப் பட்டியலில் வண்டலுக்கும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்.